அலை கணக்குப் பார்த்தா எடுத்தது?

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை நாம் புதுப்பட்டினம் கடற்கரையில் நின்றிருந்தோம். கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள். ஆழிப்பேரலை வந்து இருபது ஆண்டுகள் நிறைவுற்ற நாளும் அதுவே. குப்பத்துப் பெண்கள் கூடைகளில் பூவும் செம்புகளில் பாலும் கொண்டுவந்து கடலில் சொரிந்தனர். எவ்விதச் சமய வேற்றுமையும் அங்கே தென்படவில்லை. நம்முடன் வந்திருந்த குருவானவரையும் ஒரு செபம் சொல்லுமாறு வேண்டினர். சொன்னார்.

கூட்டம் கலையத் தொடங்கிய வேளையில், எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் அவரருகில் வந்தார். அழவில்லை. வெகுநாளாக உள்ளே வைத்திருந்த ஒன்றை இறக்கி வைப்பவர் போலக் கேட்டார்.

"ஏன் சாமி, எங்க வூட்டுப் புள்ளய எடுத்துக்கிச்சு. பக்கத்து வூட்டுப் புள்ளயும் அதே மணல்லதான் வெளயாடிக்கிட்டு இருந்தான். அவன வுட்டுடுச்சு. அலை கணக்குப் பார்த்தா எடுத்துச்சு?"

குருவானவர் வாய் திறக்கவில்லை. மூதாட்டியின் கையைப் பிடித்தபடி சிறிது நேரம் நின்றார். அவ்வளவே. இக்கேள்விக்கு இறையியல் நூல்களில் தனி அதிகாரங்களே உண்டு. ஆனால் கேட்பவர் கண்ணெதிரே நிற்கும்போது அதிகாரங்கள் கைகொடுப்பதில்லை. அன்று வீடு திரும்பிய பின்னும் அக்கேள்வி நம்மை விடவில்லை.

கணக்குச் சொல்பவர்கள்

இத்தகைய கேள்விக்கு நம் ஊர்களில் உடனடியாகக் கிடைக்கும் விடைகள் மூன்று. ஊழ் என்பது ஒன்று. அது தமிழருக்குப் புதிதன்று. வள்ளுவர் தம் 38-ஆம் அதிகாரத்தை ஊழுக்கே ஒதுக்கினார். ஆயினும் அதே வள்ளுவர் 62-ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையை வைத்து, முயற்சியின் பக்கமும் பேசினார் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

தண்டனை என்பது இரண்டாவது விடை. பேரலை வந்த நாட்களில், 'இது இறைவனின் சினம்' என்று மேடை போட்டுப் பேசியவர்களை நாமே கேட்டிருக்கிறோம். அவர்களுள் நம்மவரும் இருந்தனர் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். நற்செய்தியில் இக்கேள்வி இருமுறை நேராகவே எழுகின்றது. சீலோவாமில் கோபுரம் சரிந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகளோ என்ற எண்ணத்தை ஆண்டவர் மறுத்தார் என்று லூக்காஸ் எழுதுகிறார். பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர் கேட்டபோதும், இவர்களில் எவருமில்லை என்றே அவர் விடை தந்ததை அருளப்பர் நற்செய்தி கூறுகிறது. துன்பப்பட்டவனின் கணக்கேட்டைப் புரட்டிப் பார்க்கும் பழக்கத்தை ஆண்டவர் தம் சீடரிடமிருந்தே பறித்துவிட்டார். நாமோ அதைத் திரும்பவும் கையில் எடுத்துக்கொண்டோம்.

மூன்றாவது விடை படித்தவர்களிடமிருந்து வருவது. எல்லாம் குருட்டுத் தற்செயல், மனிதனும் தற்செயல், அவன் போற்றும் அறமும் தற்செயலே என்பது அது. நோபெல் பரிசு பெற்ற பிரெஞ்சு உயிரியல் அறிஞர் ழாக் மோனோ, 1970-இல் வெளியிட்ட 'தற்செயலும் தேவையும்' என்னும் நூலில் இக்கருத்தை மிகக் கூர்மையாக எடுத்துரைத்தார். இம்மூன்றாம் விடையை நாம் எளிதில் தள்ளிவிடக்கூடாது. அதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று பார்ப்பதே நம் நோக்கம்.

காரணம் வேறு, கணக்கு வேறு

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. திருச்சபை அன்று திருக்குடும்பத் திருநாளைக் கொண்டாடியது. இந்திய நேரப்படி காலை 6.28 மணியளவில், சுமத்திராத் தீவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் நில ஓடு ஒன்று மற்றொன்றின் கீழ் சறுக்கியது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. தள்ளுண்ட நீர் வங்கக் கடலைக் கடந்து நம் கரையை அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. தமிழ்நாட்டில் மட்டும் சற்றேறக்குறைய 8,000 பேர் மாண்டனர். கல்பாக்கம், புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் ஆகிய ஊர்களும் தத்தம் மக்களைக் கடலுக்குக் கொடுத்தன.

இதில் எந்தப் படியும் காரணமின்றி நிகழவில்லை. நில ஓடு ஏன் சறுக்கியது, அலை ஏன் ஓரிடத்தில் உயர்ந்து மற்றோரிடத்தில் தாழ்ந்தது, மணல் மேடு எங்கே தடுத்தது, எங்கே வழிவிட்டது என அனைத்தையும் அறிஞர்கள் அளந்து கூறவியலும். ஒரு சிறுவன் கரையோரம் நின்றான், மற்றவன் இருபது அடி உள்ளே நின்றான் என்பதும் காரணமே. ஆனால் இக்காரணங்களுள் எதுவும் அச்சிறுவர்களின் பெயரை அறியாது. அவர்களது நன்மை தீமையை நிறுத்துப் பார்த்ததும் இல்லை. மூதாட்டி கேட்டது காரணத்தை அன்று, கணக்கை. காரணம் உண்டு, கணக்கு இல்லை. இயற்கையில் நாம் தற்செயல் என்று சொல்வதெல்லாம் இதுவே.

வடநெம்மேலியின் முட்டைகள்

இதே கடற்கரையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் சென்னை முதலைப் பண்ணை இருப்பதை வாசகர் பலரும் அறிவர். விடுமுறை நாட்களில் குழந்தைகளை அழைத்துச் சென்றிருப்பீர்கள். 1976-இல் தொடங்கப்பெற்ற அவ்விடத்தில் நன்னீர் முதலைகளின் முட்டைகளைக் கொண்டு அறிஞர் மூவர் செய்த ஆய்வு 1989-இல் வெளியாயிற்று. லாங், ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் என்போர் அவர்கள். 28 முதல் 31 டிகிரி வெப்பத்தில் அடைகாக்கப்பட்ட முட்டைகள் அனைத்தும் பெண் குஞ்சுகளையே தந்தன. 32.5 டிகிரியில் எல்லாம் ஆண். இடைப்பட்ட வெப்பத்தில் இரண்டும் கலந்து பிறந்தன. ஒன்றரை டிகிரி வேறுபாடு ஓர் உயிரை ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்கிவிடுகிறது. முட்டைக்குள் இருப்பது எதையும் தேர்ந்துகொள்வதில்லை.

நம் கரைக்கு ஆண்டுதோறும் வரும் பங்குனி ஆமையின் நிலையும் இதுவே, ஆனால் தலைகீழாக. மணல் சூடேறினால் பெண், குளிர்ந்தால் ஆண். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவு வேளைகளில் கரையேறும் தாய் ஆமை, துடுப்புக் கால்களால் குழி பறித்து நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. தன் குஞ்சை அது ஒருபோதும் காண்பதில்லை. ஏறத்தாழ ஐம்பது நாட்களில் வெளிவரும் குஞ்சுகளை நண்டும் காகமும் நாயும் மீனும் எதிர்கொள்கின்றன. ஆயிரத்தில் ஒன்று வளர்ந்து பெரிதாகும் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு. பிழைத்த அந்த ஒன்று மற்ற 999-ஐவிட நல்ல ஆமை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த நொடியில் காகம் வேறு பக்கம் பார்த்திருக்கும்.

மனிதரிடத்தில் ஆணா பெண்ணா என்பதை வெப்பம் முடிவு செய்வதில்லை. தந்தையிடமிருந்து வரும் உயிரணு எதைச் சுமந்து வருகிறதோ அதுவே முடிவு செய்கிறது, அதிலும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. பெண் பிள்ளை பெற்றாள் என்று மருமகளைத் தூற்றும் மாமியார் நம் பங்குகளிலும் இல்லாமலில்லை. பெண் சிசுக்களைக் காக்க 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்த நாடு இது. கணக்கே இல்லாத இடத்தில் கணக்குத் தேடி, அதை எப்போதும் எளியவர் தலையிலேயே எழுதுவது நம் பழைய வழக்கம். இது கதையை விட்டு விலகுவதன்று. மூதாட்டியின் கேள்வியும் இதே நிலத்தில் முளைத்ததுதான்.

உயிரின் ஏட்டில் எழுத்துப் பிழைகள்

பரிணாமம் என்னும் சொல்லைக் கேட்டதும், குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்பதோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறார்கள். உண்மையில் அதன் நடுவே இருப்பது எழுத்துப் பிழை பற்றிய செய்தி. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதுகையில் எழுத்து மாறுவதுபோல், பெற்றோரின் மரபுச் செய்தி பிள்ளைக்குப் படியெடுக்கப்படும்போது சில எழுத்துக்கள் மாறுகின்றன. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோரிடம் இல்லாத 60, 70 புதிய மாற்றங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றால் நன்மையுமில்லை, தீமையுமில்லை. சில கேடு செய்யும். மிகச் சில பயன்படும். பயன்பட்டவை வாழ்ந்து பெருகும். உயிரியலார் இம்மாற்றங்களைத் தற்செயல் என்று சொல்லும்போது, காரணமற்றவை என்று பொருள் கொள்வதில்லை. உயிருக்கு எது வேண்டும் என்று பார்த்து அவை வருவதில்லை என்பதே பொருள்.

நம் மாநிலத்து எடுத்துக்காட்டு ஒன்று. 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில் அரிவாள் வடிவச் சிவப்பணுக்கள் இருப்பது கண்டறியப்பட்டது. இது ஓர் எழுத்து மாறியதன் விளைவு. தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து மட்டும் அம்மாற்றத்தைப் பெற்ற பிள்ளை மலேரியாக் காய்ச்சலை எளிதில் தாங்கும். இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளைக்கோ வாழ்நாளெல்லாம் வலியும் இரத்தச் சோகையும். இருவரும் அதைச் சுமப்பவராயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. இக்கணிதத்தை உலகுக்கு முதலில் கற்பித்தவர் அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல். தம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, எண்ணி, 1866-இல் அச்சிட்டார்.

அண்ணன் காய்ச்சலுக்குத் தப்பியதும் தங்கை நோயில் வாடுவதும் ஒரே எழுத்தினாலேயே. ஒருவரைக் காப்பதும் ஒருவரை ஒடிப்பதும் அதுவே. பெற்றவர்கள் செய்த எந்தப் பிழையும் அங்கே தண்டிக்கப்படவில்லை. மருத்துவமனை வாயிலில் "நாங்க யாருக்கு என்ன பாவம் செஞ்சோம்?" என்று நொந்துகொள்ளும் பெற்றோர்க்கு, மோனோ சொன்ன தற்செயலே ஒருவகையில் ஆறுதலாக அமைகிறது. நாம் அவரிடமிருந்து பெற்றுக்கொள்ளும் பாதி இதுதான்.

அப்படியானால் இறைவன் எங்கே?

நியாயமான கேள்வி. தற்செயலை ஒப்புக்கொண்டால் இறைப் பராமரிப்பை விட்டுவிட வேண்டும் என்று அஞ்சுவோர் பலர். திருச்சபையின் பழைய ஆசிரியர்கள் அவ்வாறு அஞ்சவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தோமாஸ் அக்வினாஸ், இறைவன் சிலவற்றைத் தவறாது நிகழும்படியும், சிலவற்றை நிகழலாம், நிகழாமலும் போகலாம் என்னும்படியும் அமைத்தார் என்று எழுதினார். உலகில் தற்செயல் இருப்பது இறைவனின் ஆட்சியில் விழுந்த ஓட்டை அன்று, அவர் படைத்த உலகின் இயல்பு. 1996 அக்டோபரில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், பரிணாமக் கொள்கையை வெறும் கருதுகோள் என்று இனித் தள்ள இயலாது என்று அறிவியல் கழகத்துக்குச் செய்தி விடுத்தார். பேரலை வந்த அதே 2004-ஆம் ஆண்டு ஜூலையில் அனைத்துலக இறையியல் ஆணைக்குழு, படைப்பில் உள்ள மெய்யான தற்செயலும் இறைவனின் நோக்கமும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்று தெளிவுபடுத்தியது.

தோமாஸ் தரும் உவமை ஒன்று புகழ்பெற்றது. தலைவர் ஒருவர் தம் பணியாட்கள் இருவரையும், ஒருவரையொருவர் அறியாவண்ணம், ஒரே இடத்துக்கு அனுப்புகிறார். அங்கே சந்திக்கும் இருவருக்கும் அது தற்செயல். தலைவருக்கோ அன்று. அறிவுக்கு நிறைவளிக்கும் உவமைதான். ஆயினும் அதை அந்த மூதாட்டியிடம் சொல்லும் துணிவு நமக்கில்லை. சந்திப்பை விளக்க வந்த உவமையைச் சாவின்மேல் வைத்தால், பேரனையும் அலையையும் ஒரே மணலுக்கு அனுப்பியவர் தலைவரே என்று முடியும். நம் எளிய கருத்தைச் சொல்கிறோம்: இறைவன் தற்செயல் நிகழக்கூடிய உலகைப் படைத்தார் என்பது ஒன்று. ஒவ்வொரு சாவையும் பெயர் குறித்து அனுப்புகிறார் என்பது மற்றொன்று. முன்னதை நம்பலாம். பின்னதை நம்பும்படி சீலோவாமைப் பற்றிப் பேசியவர் நம்மைக் கேட்கவில்லை.

ஒரு பவுண்டு தானியம்

மோனோவின் மற்றப் பாதியை நாம் ஏற்காததற்கு நம் மாவட்டத்து மண்ணே சான்று தரும். 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், நிலவியல் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கல்லை எடுத்தார். பார்ப்பவர்க்கு அது சரளைக் கற்களுள் ஒன்று. அவர் கண்ணுக்கோ அது கைக்கோடரி. ஆற்று நீர் உருட்டி உருட்டி ஒரு கல்லை மழமழப்பாக்கும். ஆனால் இரு பக்கமும் மாறி மாறித் தட்டி முனை எடுக்காது. அதே ஆண்டு அதிரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகள் மேலும் கிடைத்தன. அங்கே சாந்தி பப்புவும் அவருடன் பணியாற்றியோரும் பின்னாளில் செய்த அகழாய்வு, அவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-இல் காட்டியது.

மாமல்லபுரத்தில் இதைப் பெரிய அளவில் காணலாம். சரிவில் நிற்கும் வெண்ணெய் உருண்டைப் பாறையை யாரும் அங்கே வைக்கவில்லை. வெயிலும் மழையும் காலமும் அதைச் செதுக்கி நிறுத்தின. சிறிது தொலைவில் அதே இனப் பாறையில் பல்லவச் சிற்பி யானைகளையும் தவசிகளையும் வடித்தான். ஒன்று காரணங்களால் ஆனது, மற்றது நோக்கத்தால் ஆனது. இரண்டும் ஒரே கல். நோக்கம் என்பது இயற்கைக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிய பொருளன்று. கல்லில் இன்னும் இல்லாத முனையை மனத்தில் கண்டவன், இதே இயற்கையில் தோன்றி வளர்ந்தவனே. அவன் வந்த வழியில் தற்செயல்கள் நிறைந்திருந்தமையால் அவன் கண்ட முனை பொய்யாகிவிடாது.

ஆனால் வந்த வழியையே சட்டமாக எடுத்துக்கொண்டால் என்ன நேரும்? மால்தூஸ் என்னும் ஆங்கிலேயர் 1798-இல் எழுதிய நூல், மக்கள்தொகை உணவை மிஞ்சிப் பெருகும் என்றது. அதைப் படித்தே 1838-இல் தார்வினுக்கு இயற்கைத் தேர்வு என்னும் எண்ணம் உதித்தது. தார்வின் அதை உயிர்களின் வரலாற்றை விளக்கப் பயன்படுத்தினார். வேறு சிலர் மால்தூஸை ஆட்சி நடத்தப் பயன்படுத்தினர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியபோது, மக்கள் பெருக்கத்தின் இயல்பான விளைவு இது என்ற பேச்சு ஆட்சியாளரிடையே ஒலித்தது. செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் கல் சுமக்கும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். பெண்ணுக்கும் சிறுவனுக்கும் அதனினும் குறைவு.

இதனை எதிர்த்து நின்றவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். உழைக்கும் உடலுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், அத்துடன் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். 1877 மார்ச்சில் மாகாண அரசு அவர் கேட்டதில் பாதி தூரமேனும் இறங்கிவந்து தானியத்தை உயர்த்திப் பருப்பையும் சேர்த்தது. இருவர் கையிலும் இருந்தது ஒரே இயற்கைதான். மழை பொய்த்தது, பயிர் கருகியது, எண்ணிக்கை தவறாதது. ஒருவர் அந்த எண்ணிக்கைக்கு முன் தலைவணங்கினார். மற்றவர் அரைப் பவுண்டுக்காகச் சண்டையிட்டார்.

தார்வினின் நண்பரும் அவர் கொள்கைக்கு வழக்கறிஞருமாயிருந்த ஹக்ஸ்லி, இறைநம்பிக்கை அற்றவராயினும், 1893-இல் ஆற்றிய சொற்பொழிவில், இயற்கையின் போக்கைப் பின்பற்றுவதில் அன்று, அதை எதிர்த்து நிற்பதிலேயே அறம் இருக்கிறது என்றார். இந்தியக் குடியுரிமை பெற்று 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த ஹால்டேன், இரு உடன்பிறந்தாருக்காகவோ எட்டு மைத்துனருக்காகவோ உயிரைக் கொடுக்கலாம் என்று வேடிக்கையாகக் கணக்கிட்டதாகச் சொல்வார்கள். இரத்த உறவினரிடத்தில் அன்பு எவ்வாறு வேரூன்றியது என்பதை அந்தக் கணக்கு ஓரளவு விளக்குகிறது. அறிமுகமற்றவர்க்கு உதவும் இயல்புக்கும் உயிரியலார் விளக்கங்கள் தருகிறார்கள். அவற்றை நாம் மறுக்கவில்லை. கண் எவ்வாறு உருவாயிற்று என்று விளக்கிவிட்டால், கண் காண்பது இல்லையென்று ஆகாதன்றோ?

இரண்டரை மணி நேரம்

காலை 6.28-க்கும் அலை நம் கரையைத் தொட்டதற்கும் இடையே இரண்டரை மணி நேரம் இருந்தது என்றோம். அந்நேரத்தில் ஒரு சொல் வந்திருந்தால் போதும், கரையில் யாரும் நின்றிருக்கமாட்டார்கள். சொல் வரவில்லை. வருவதற்கான ஏற்பாடு இந்தியப் பெருங்கடலில் அன்று இல்லை. பசிபிக் கடல் நாடுகளுக்கு இருந்தது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் நம் நாட்டு எச்சரிக்கை நிலையம் செயல்படத் தொடங்கியது. நில ஓடு சறுக்குவது இன்றும் எவர் கையிலும் இல்லை. ஆனால் 'விதி' என்று நாம் எழுதி வைத்திருந்ததில் ஒரு பெரும் பகுதி, ஒரு தொலைபேசி அழைப்பாக மாறிவிட்டது.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆமை நீருக்கு மேலே வந்து மூச்செடுக்கும் உயிர். விசைப்படகுகளின் இழுவலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். குஞ்சைக் காகம் கொத்துவது தற்செயல். வளர்ந்த ஆமை வலையில் மாள்வதை அப்பெயரால் அழைக்க முடியாது. ஆமை வெளியேற வழிவிடும் கருவி இருக்கிறது, கரையோரம் இழுவலை கூடாதென்ற விதியும் இருக்கிறது. அதே கரையில்தான் இரவு முழுவதும் நடந்து, முட்டைகளைப் பொறுக்கிப் பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கூடையில் சுமந்துபோய்க் கடலில் விடும் மாணவர்களும் இருக்கிறார்கள். ஆயிரத்தில் ஒன்று என்பதை அறியாமலா அவர்கள் நடக்கிறார்கள்?

சில வேளைகளில் நோக்கமும் தற்செயலும் பின்னிக்கொள்வதைக் கண்டால் வியப்பே மேலிடுகிறது. புதுப்பட்டினத்துக்கு மேற்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயை எண்ணிப் பாருங்கள். படகில் உப்பும் விறகும் ஏற்றிச் செல்ல வெட்டப்பட்டது அது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி, மேலே சொன்ன அதே பஞ்சத்தில், 1877, 78-இல், நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. 2004-இல் பேரலை வந்தபோது, ஆந்திரத்தின் பெத்த கஞ்சாமிலிருந்து சென்னை வரை அக்கால்வாய் கடல்நீரை வாங்கிக்கொண்டு உள்ளூர்களுக்குத் தடுப்பாயிற்று என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். மண் சுமந்த அந்தப் பசித்த மனிதர்களுள் எவரும் இதை எண்ணியிருக்க முடியாது. குளிருக்கென வளர்ந்த இறகு பின்னாளில் பறக்கப் பயன்பட்டதாக உயிரியலார் கூறுவதும் இதைப் போன்றதுதான்.

மொட்டைக் கடன்

தவக்காலத் தொடக்கத்தில் மீண்டும் ஒருமுறை அக்குருவானவருடன் புதுப்பட்டினம் சென்றோம். மூதாட்டியின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தேநீர் அருந்துகையில், இருபது ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததை அவர் சொன்னார்.

"அவனுக்குக் காய்ச்சல் வந்தப்போ வேளாங்கண்ணி மாதாவுக்கு மொட்டை போடுறேன்னு வேண்டிக்கிட்டேன் சாமி. கையில காசு இல்ல. அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன். அதுக்குத்தான் எடுத்துக்கிட்டாளோன்னு..."

டிசம்பரில் அவர் கேட்ட கேள்வியின் பொருள் அப்போதுதான் நமக்கு விளங்கியது. அலையின் கணக்கைப் பற்றி அவர் கேட்கவில்லை. தம் கடனைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

குருவானவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "ஆயா, அன்னிக்குக் காலையில வேளாங்கண்ணி கடற்கரையில எத்தனை பேர் செத்தாங்க தெரியுமா? வேண்டுதல நிறைவேத்தப் போனவங்க. மொட்டை போட்டு முடிச்சவங்க, கைக்குழந்தையோட போனவங்க. கடன் வெச்சதுக்காக உன் பேரன எடுத்தான்னா, கடனக் கட்டினவங்கள எதுக்கு எடுக்கணும்?"

மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. தெருவில் ஐஸ் பெட்டிகளை ஏற்றிய வண்டியொன்று போயிற்று.

"அப்ப மாதா எம்மேல கோவிச்சுக்கல."

"இல்ல ஆயா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, சந்தையில் விலை பேசுபவர் போன்ற குரலில், "அந்த மொட்டை இன்னும் பாக்கி இருக்குதே சாமி. பேத்தி புள்ளைக்கு ஒரு வயசு ஆவுது. அவனுக்குப் போட்டுடலாமா?" என்றார்.

"போடலாமே. எப்பப் போறீங்க?"

"சித்திரைக்கு அப்புறந்தான். இப்ப மீன் சரியா இல்ல" என்று சொல்லிவிட்டு, குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.